பராமரிக்க வந்தவர் மீது ஒரு முறைப்பாடு

முதுமையுற்ற பெற்றோரைப் பிள்ளைகள் தம் கையாலேயே பேணுதல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பழைய வழக்கமாகும். நாற்சார் வீட்டிலே பாட்டி பாயும் படுக்கையுமாகக் கிடந்தால், அவருக்குக் கஞ்சி பருக்க ஒரு மகள் இருப்பாள். கிணற்றடியிலிருந்து வெந்நீருக்குத் தண்ணீர் அள்ளிவர ஒரு பேரன் இருப்பான். இரவிலே விழித்திருக்க ஒரு மருமகள் இருப்பாள். கூலிக்கு ஆள் தேடும் அவசியம் அன்று பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்படவில்லை. 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கடல் கடந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே பெயர்ந்தபோது எஞ்சியிருந்த குடும்பங்களும் சிதறின. இன்று மகன் இலண்டனிலே, மகள் ரொறன்ரோவிலே, தாய் மட்டும் கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ பெரிய வீடொன்றின் ஓர் அறையிலே. அவருடைய கட்டிலருகே, மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு பெண்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இவர்களுட் பலருக்கு இத்தகைய உதவி வேண்டியிருக்கிறது. எனவே இவ்வேற்பாட்டைக் குறை கூறிப் பயனில்லை. அதனுள்ளே ஒரு குறை எழும்போது என்ன செய்வது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

பெரும்பாலும் நடப்பது இரண்டிலொன்று. இலண்டனிலிருக்கும் மகன் தொலைபேசியிலே தாயின் அழுகுரலைக் கேட்கிறார். அல்லது அயல்வீட்டு உறவினரொருவர் ஏதோ சொல்கிறார். அடுத்த அரைமணி நேரத்துக்குள் அப்பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிவிடுகிறாள். என்ன நடந்ததென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மற்றது இதற்கு நேர்மாறானது. குறை உண்மையென்று தெரிந்தும், ‘இவளை விட்டால் வேறு ஆள் கிடையாது’ என்று எல்லோரும் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். தாயும் தன் பங்குக்கு மௌனம் சாதிக்கிறார். தம்மைத் தூக்கி இருத்தும் கையைப் பற்றியே குறை சொன்னால், அன்றிரவு தம்மைத் திருப்பிப் படுக்க வைப்பவர் யார் என்ற அச்சம் அவருக்கு. முதல் வழியிலே நிரபராதியொருத்தியின் ஜீவனம் போகலாம். இரண்டாம் வழியிலே ஒரு முதியவரின் உயிரே போகலாம்.

இந்த நாட்டிலே வீட்டு வேலையாட்கள் மீதான முறைப்பாட்டைச் சட்டம் முன்னர் எவ்வாறு நோக்கியது என்பதை அறிதல் பிரயோசனமானது. பிரித்தானியர் ஆட்சியிலே, 1871ஆம் ஆண்டு, வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கான 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வேலையாள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பதிவுப் புத்தகம் வழங்கப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதிலே குறிக்கப்படும். விலகும்போது அவருடைய நடத்தை எத்தகையது என்பதையும் எசமான் எழுதுவார். அடுத்த வீட்டிலே வேலை கேட்கச் செல்பவர் அந்தப் புத்தகத்தோடுதான் செல்லவேண்டும். எசமானின் நடத்தை எத்தகையது, சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா, உண்ண உணவு கிடைத்ததா என்று வேலையாள் எழுதுவதற்கு அதிலே இடமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் நம்முடைய வீடுகளிலே இன்றும் முறைப்பாடென்றால் அந்தப் புத்தகந்தான்; மை மட்டும் இல்லை, வாயால் எழுதுகிறோம். ‘அவளைக் கூப்பிடாதையுங்கோ’ என்று ஒருவர் தொலைபேசியிலே சொல்லிவிட்டால், அப்பெண்ணுக்கு இணுவிலிலும் வேலையில்லை, உரும்பிராயிலும் வேலையில்லை.

பின்னாளிலே வந்த தொழிற் சட்டங்களும் வீட்டுக்குள் வேலை செய்பவரை ஓரமாகவே நிறுத்தின. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் நிறைவேறியபோது வீட்டு வேலையாள் அதன் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. 2011ஆம் ஆண்டு ஜெனீவாவிலே சர்வதேசத் தொழில் தாபனம் 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்று, வீட்டு வேலையும் வேலையே என்று உலகுக்கு அறிவித்தது. முதியோர் பக்கத்திலோ 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் உண்டு. அதன் வழியாகவே முதியோருக்கான தேசிய சபையும், பிள்ளைகள் கைவிட்டால் முறையிடத்தக்க பராமரிப்புச் சபையும் தோன்றின. இவையெல்லாம் நல்லவையே. எனினும் சுன்னாகத்திலே ஒரு வீட்டின் பின்னறையிலே, பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு முதியவருக்கும் ஒரு பெண்ணுக்குமிடையே நடப்பதை இச்சட்டங்களிலே எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே நீதி வழங்கவேண்டியவர்கள் வீட்டார்தாம்.

முறைப்பாடு என்றதும் முதலில் நாவிலே வருவது களவு. சங்கிலி காணவில்லை, காப்பு காணவில்லை, தலையணையின் கீழ் வைத்த காசு காணவில்லை. உண்மையாகவே களவு நடப்பதுண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வைத்தியர்கள் நன்கறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. அறளை பெயர்தல் என்று நம்மூரிலே கூறும் மறதிநோய் பற்றியவர்களுக்கு, தம் பொருளை யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் நோயின் குணமாகவே தோன்றும். தாமே அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த மோதிரத்தைத் தாமே மறந்துவிடுவர். அப்போது சந்தேகம் யார் மீது விழும்? எப்போதும் அருகே இருப்பவர் மீதுதான். முன்னொரு காலத்தில் மருமகள் மீது விழுந்தது. இப்போது சம்பளத்துக்கு வந்த பெண் மீது விழுகிறது. எனவே பொலிஸ் நிலையத்துக்கு ஓடுமுன் பெட்டகத்தையும், சட்டைப் பைகளையும், சுவாமி அறையையும் ஆறுதலாகத் தேடிப் பார்த்தல் வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, வேலையாள் எசமானின் பொருளைக் களவெடுப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. பொய்யென்று அறிந்தே ஒரு தகவலை அரச உத்தியோகத்தருக்குக் கொடுப்பதையும் அதே கோவை குற்றமாக வைத்திருக்கிறது. முன்னையதை அறிந்தவர் பலர். பின்னையதை அறிந்தவர் சிலர்.

இதனால் அறளை பெயர்ந்தவரின் சொல்லைத் தள்ளிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது இன்னும் கொடிய பிழை. மறதிநோய் உள்ளவரையே அடிப்பதும் அதட்டுவதும் எளிது. ஏனெனில் அவர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். உலகில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர், ஓராண்டு காலத்துள் ஏதோவொரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார தாபனம் கூறுகிறது. அத்துன்பத்தைச் செய்வோர் சம்பளக்காரர் மாத்திரமல்லர். பெற்ற பிள்ளைகளும் உளர். ஆகவே முதியவரின் சொல் தெளிவாக இல்லாவிடத்து அவருடைய உடம்பைப் பார்க்கவேண்டும். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வரும்போது மட்டும் அவர் ஒடுங்கிப் போகிறாரா? உடை தளர்ந்து உடல் மெலிகிறாரா? உதடு காய்ந்திருக்கிறதா? முதுகின் அடியிலே, குதிக்காலிலே தோல் சிவந்திருக்கிறதா?

உடம்பைப் பார்ப்பதிலும் அறிவு வேண்டும். கையிலே ஒரு நீலத் தழும்பு கண்டவுடன் ‘அடித்துவிட்டாள்’ என்று முடிவு செய்வோர் உண்டு. முதியோரின் தோல் மெல்லியது. அஸ்பிரின், வோபரின் போன்று குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளை உண்பவருக்குக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இறுகப் பிடித்தாலே கன்றிவிடும். மாறாக, மேற்கையின் உட்புறத்திலே விரல் பதிந்தாற்போன்ற தழும்புகள், வெவ்வேறு நாட்களில் ஏற்பட்டு வெவ்வேறு நிறமாய் மாறிய தழும்புகள், காதோரத்திலும் கழுத்திலும் காணும் காயங்கள் ஆகியவற்றை வைத்தியர் ஒருவர் உடனே பார்த்தாக வேண்டும். படுக்கைப் புண்ணும் அவ்வாறே. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் அது வரக்கூடும். இரவு முழுவதும் அதைத் தனியொருத்தி செய்யவேண்டுமென எதிர்பார்ப்பின் அவள் எப்போது உறங்குவாள் என்ற கேள்வியும் உடனெழுகிறது. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரெனப் பிதற்றுகிறாரெனில், பராமரிப்பவள் ஏதோ கொடுத்துவிட்டாள் என்று ஐயுறுமுன் சிறுநீரிலே தொற்று இருக்கிறதாவென்று பரிசோதிப்பது நன்று. முதியோருக்கு அது புத்தி மயக்கத்தைத் தருவது சாதாரணம்.

வேறு சில குறைகள் உண்மையிலே குறைகளே அல்ல. பேசாமல் விட்ட ஒப்பந்தங்கள். அப்பெண் துணி தோய்க்கவில்லையாம், முற்றம் கூட்டவில்லையாம், வந்த விருந்தினருக்குத் தேநீர் ஊற்றவில்லையாம். நோயாளியைப் பார்ப்பதற்கென்று அழைத்துவந்து, குசினியையும் வளவையும் அவள் தலையிலே சுமத்தியபின், நோயாளியைக் கவனிக்கவில்லையென்று கூறுவது என்ன நியாயம்? இன்சுலின் ஊசி போடுவது, குழாய் வழியே உணவூட்டுவது முதலியன பயிற்சி வேண்டும் காரியங்கள். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழோடு பராமரிப்புப் பயிற்சி பெற்றவர்கள் இப்போது இருக்கின்றனர். பயிற்சியில்லாத ஒருத்தியைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்திவிட்டு, தாதியின் வேலையை அவளிடம் கேட்டு, அது பிழைத்தபோது அவள் மீது பாய்பவர்கள் தங்களையும் சற்றே விசாரித்துக் கொள்ளலாம்.

பராமரிக்கும் பெண்ணின் முறைப்பாடு என்றும் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் செவியில் விழுவதில்லை. சம்பளம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை அவள் காத்திருக்கிறாள். ஞாயிறும் தீபாவளியும் அவளுக்கு ஒன்றே. முதியவர் ஒருவர் கைநீட்டி அடித்தாலும், தகாதவாறு தொட்டாலும், ‘அவர் வயது போனவர்தானே’ என்று வீட்டார் சிரித்துவிடுகின்றனர். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டியிருக்கிறது. தாயின் மலசலத்தை எடுக்கும் அப்பெண்ணுக்குத் தேநீர் மட்டும் தனிப் பேணியில் கொடுக்கும் வீடுகள் குடாநாட்டிலே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடை, பாடசாலை, வழிபாட்டிடம் ஆகியவற்றின் வாயிலைத் திறக்க முயன்றது. குசினி அலுமாரியைத் திறப்பது வீட்டாரின் பொறுப்பு. அவமதிக்கப்பட்ட கை நோயாளியை எவ்வளவு மென்மையாகத் தொடும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

இப்போது அறைதோறும் கமராப் பொருத்தி, கடலுக்கு அப்பாலிருந்து கையடக்கத் தொலைபேசியிலே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்திருக்கிறது. விறாந்தையிலும் வாயிலிலும் அது இருப்பதில் தவறில்லை. சொல்லி வைத்தால் அப்பெண்ணுக்கும் அது பாதுகாப்பே. ஆனால் தாயை உடம்பு கழுவித் துணி மாற்றும் இடத்திலே கமரா வைப்பது தாயின் மானத்தைப் பற்றிய விஷயம். அவரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா? மேலும் கமராவுக்கு ஒலியில்லாவிடில் பாதி உண்மைதான் தெரியும். மருந்தைத் துப்பும் மூதாட்டியின் கையைப் பிடிப்பது படத்திலே அடிப்பதுபோலவே தோன்றும்.

ஆகவே முறைப்பாடு வந்தால் செய்யத்தக்கது யாது? முதலிலே அபாயமா, மனஸ்தாபமா என்று பிரித்தறிய வேண்டும். அடி, தகாத நடத்தை, உணவையோ மருந்தையோ மறுத்தல் என்பவற்றிலே ஒன்றாக இருக்கலாம் என்ற ஐயம் தோன்றினால் அன்றே இருவரையும் பிரித்துவிட வேண்டும். முதியவரை அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். காயங்களை நாளோடு குறித்து வைத்தல் வேண்டும். பொலிஸ் நிலையத்திலே முறையிட வேண்டும். பிரிப்பது தண்டனையன்று, விசாரணை முடியும்வரை அவளது சம்பளத்தை நிறுத்துவதற்கும் காரணமில்லை.

மற்றைய குறைகளுக்கு ஊரிலே ஒருவர் வேண்டும். இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இலண்டனிலுள்ள மகனும் நீதிபதியல்லர். அப்பெண்ணைக் கூட்டிவந்து விட்ட உறவினரும் நீதிபதியல்லர். இருபக்கமும் மதிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையோ, குடும்ப வைத்தியரோ, கிராம முதியோர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரோ அந்தப் பொறுப்பை முதல் நாளிலேயே ஏற்றிருக்க வேண்டும். அவர் வந்து முதியவரோடு தனியே பேசுவார்; அப்பெண் அப்போது அறையிலே இருக்கமாட்டாள். பின்னர் அப்பெண்ணோடு தனியே பேசுவார். அப்போது வீட்டார் இருக்கமாட்டார்கள். என்ன நடந்தது, எந்த நாள், எந்த நேரம் என்பவற்றை மட்டுமே கேட்டு எழுதுவார். ‘எப்போதும் இப்படித்தான்’ என்பது முறைப்பாடாகாது. ‘செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்து கொடுக்கவில்லை’ என்பதே முறைப்பாடு. எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டுவார். ஓரிரு நாளுக்குள் முடிவையும் இருவருக்கும் சொல்லுவார்.

வீட்டிலே தீராவிடின் வெளியே வழிகள் உள. ஒரு நிறுவனத்தினூடாக ஆளைப் பெற்றிருந்தால் நிறுவனத்துக்கு எழுத்திலே முறையிட்டு எழுத்திலே மறுமொழி கேட்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்திலே 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. முதியோர் உரிமை மேம்பாட்டுக்கான உத்தியோகத்தரை அங்கே விசாரித்துச் சந்திக்கலாம். சம்பளப் பாக்கி, முற்பணம் போன்ற பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தாலே அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. அங்கே சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. இருபக்கத்தாரும் தாமே பேசலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர், முதியவராயினும் வேலை செய்தவராயினும், சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வொழுங்கு புதிதன்று. இங்கிலாந்திலே பராமரிப்பு நிறுவனங்கள் அரசின் கண்காணிப்பு ஆணையத்திலே பதிவு பெற்றாக வேண்டும். முறைப்பாட்டைப் பெற்று விசாரிக்கும் ஒழுங்கொன்றை வைத்திருப்பது 2014ஆம் ஆண்டின் விதிகளாலே அவற்றின் கடமையாகும். நிறுவனத்தின் பதிலிலே திருப்தியில்லாதவர் உள்ளூராட்சிக்கும் சமூகப் பராமரிப்புக்குமான குறைகேள் அதிகாரியிடம் போகலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2016ஆம் ஆண்டு நோயாளருக்கான குறைகேள் அலுவலகமொன்று திறக்கப்பட்டது. அந்நாடுகளிலே பராமரிப்பு வேலை செய்யும் நம்மவர் பலர், தம்மீது ஒரு குறை சொல்லப்பட்டால் தம் பக்கத்தையும் கேட்டபின்பே முடிவெடுக்க வேண்டுமென எதிர்பார்க்கிறார்கள். கோண்டாவிலிலே தம் தாயைப் பார்க்கும் பெண்ணும் அதையேதான் எதிர்பார்க்கிறாள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு கொப்பி வேண்டும். எண்பது பக்கக் கொப்பி போதும். முதற்பக்கத்திலே சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியிலே, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, இரவிலே எத்தனை மணித்தியாலம் உறக்கம், எந்த வேலை அவளுடையது, எது அன்று, குறையிருந்தால் யாரிடம் சொல்வது என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அடுத்த பக்கங்களிலே நாள்தோறும் உணவு, மருந்து, மலசலம், திருப்பிப் படுக்கவைத்த நேரம், புதிதாய்க் கண்ட தழும்பு ஆகியன. எழுதுவது கடினமாயின் அயல்வீட்டிலே உயர்தரம் படிக்கும் மாணவியொருத்தி மாலையிலே வந்து பத்து நிமிடத்தில் கேட்டு எழுதிவிடலாம். முதியவருக்கும் பேச்சுத் துணையாகும். வலப்பக்கத்தை வீட்டார் சொல்வதற்கும் இடப்பக்கத்தை அப்பெண் சொல்வதற்கும் விட்டுவிட வேண்டும். ‘வெந்நீர்ப் போத்தல் உடைந்துவிட்டது, ஐந்து நாளாயிற்று’ என்று அவள் எழுதியிருந்தால், கஞ்சி ஆறியிருந்ததென்ற முறைப்பாடு வந்த அன்று அதை விரித்துப் பார்க்கலாம்.

பிரியவேண்டிய நாள் வந்தாலும் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அன்றுவரையான சம்பளம் கையிலே கொடுக்கப்படவேண்டும். அவளுடைய பை அவள் முன்னிலையிலன்றி யாராலும் சோதிக்கப்படக் கூடாது. அடையாள அட்டையை வாங்கி வைத்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். எத்தனை மாதம் வேலை செய்தாள், என்னென்ன செய்தாள் என்று ஒரு கடிதம் கொடுக்கலாம். நிரூபிக்கப்படாத ஐயம் எதுவும் அக்கடிதத்திலே இடம்பெறக் கூடாது. பின்னர் தாயிடம் சென்று, அவள் ஏன் போகிறாள், நாளை முதல் யார் வருவார், அவர் பெயர் என்ன என்று அமைதியாகச் சொல்லவேண்டும். நேற்றுவரை தம் தலையை வாரிவிட்ட ஒருத்தி இன்று காணாமற் போனால், தாம் ஏதோ சொன்னதாலேதான் அது நடந்ததென்று எண்ணி, அடுத்த முறை அவர் வாய் திறக்கவே மாட்டார்.